தரை டிக்கட்

சென்னை அண்ணா சாலையில் இருக்கும் தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் நீங்கள் போயிருக்கலாம். அங்கே தபால் தலை சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பழைய கட்டிடம் உண்டு. ரூபாயை நீட்டித் தபால் தலை வாங்கிக்கொண்டு திரும்பும் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு சினிமாக் கொட்டகைக்குள் நின்றுவிட்டு வருகிறோம் என்று தெரியும்? 1913-ம் வருஷம் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் அங்கேதான் 'எலெக்ட்ரிக் தியேட்டர்' என்ற சலனப்படக் கொட்டகையை நடத்தினார். சில வருஷங்களுக்குள் அது தபால் இலாகாவின் கைக்குப் போய்விட்டது. அப்படிப் போனதனால்தான் இன்றைக்கும் நிற்கிறது. கொட்டகையாகவே இருந்திருந்தால் என்றைக்கோ இடித்து அடுக்குமாடிக் கட்டிடம் எழுப்பியிருப்பார்கள்.

இப்படி நான் சொல்வது வெறும் எரிச்சலினால் அல்ல. அதே சாலையை ஒட்டி 1914-ல் ரகுபதி வெங்கையா 'கெயிட்டி'யைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் கொட்டகை அது. இன்று அது இல்லை. 1964-ல் திறந்த 'சபையர்' இல்லை. 1961-ல் திறந்த 'சாந்தி' இல்லை. அசோக் நகர் 'உதயம்' 2024-ல் மூடப்பட்டது. மதுரையில் 'தங்கம்' என்ற கொட்டகை 1952-ல் 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக் கொள்வார்கள். அதுவும் போய், அந்த இடத்தில் ஜவுளிக் கடை வந்துவிட்டது.

கொட்டகைகளின் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? 1890-களின் கடைசியிலேயே விக்டோரியா பப்ளிக் ஹாலில் சென்னைவாசிகள் சலனப்படம் பார்த்துவிட்டார்கள். ஆனால் பட்டணம் பார்த்ததைப் பட்டிக்காடு பார்ப்பதற்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படக் கருவியோடு திருச்சிக்கு வந்தார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, தம்மிடமிருந்த கருவியையும் படங்களையும் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்ப விரும்பினார். வின்சென்ட் பணம் திரட்டி அவற்றை வாங்கினார், உத்தியோகத்தை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். இயேசுநாதர் சரித்திரம் அவர் கையிலிருந்த படங்களில் முக்கியமானது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை விற்கப் புறப்பட்டவரைப் பற்றி வீட்டிலுள்ளவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க நாவலாசிரியன் தேவையில்லை!

1914-ல் அவர் கோவையில் 'வெரைட்டி ஹால்' கொட்டகையைக் கட்டினார். பிற்காலத்தில் அதற்கு 'டிலைட்' என்று பெயர் மாறியது. ஆனால் தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. கொட்டகைக்கு ஆயுள் குறைவு, பெயருக்கு ஆயுள் அதிகம்.

அப்புறம் படம் பேச ஆரம்பித்தது. 1931 அக்டோபர் 31-ந் தேதி சென்னை 'கினிமா சென்ட்ர'லில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்னார். ஜனங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பொம்மை வாயைத் திறந்து பேசுகிறதே, அது போதாதா? 1944 தீபாவளிக்கு 'பிராட்வே'யில் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதிலே ஒரு வேதனை உண்டு. அந்த வருஷம் முடிவதற்குள் தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் வழக்கில் கைதாகிவிட்டார். விடுதலையானது 1947-ல். அவர் சிறைக்குள் இருந்த நாட்களில், கொட்டகைக்குள் தினமும் மூன்று வேளை பாடிக்கொண்டிருந்தார்.

இவையெல்லாம் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை. நான் கண்ணால் கண்டது டூரிங் டாக்கீஸ்.

கும்பகோணத்துக்குப் பத்து மைலில் எங்கள் கிராமம். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஆற்றங்கரைத் திடலில் மூங்கில்கள் வந்து இறங்கும். நாலு நாளில் கீற்றுக் கொட்டகை எழுந்துவிடும். பக்கத்தில் ஆயில் எஞ்சின் தடதடக்கும். நிரந்தரமாக ஓரிடத்தில் வேரூன்ற லைசென்ஸ் இடம் கொடுக்காது. தவணை முடிந்ததும் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும். பகல் காட்சி கிடையாது, கீற்றிடுக்கில் வெயில் வருமே! பொழுது சாய்ந்ததும் குழாய் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு ஆரம்பமாகும். அந்தப் பாட்டு ஊரிலுள்ள அத்தனை அடுப்படிகளுக்கும் கடிகாரம். இந்தப் பாட்டுக்குள் சோறு வடித்துவிட வேண்டும், அந்தப் பாட்டுக்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும் என்று பெண்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

படம் ஓடும் ரகசியத்தை எனக்குக் காட்டியவர் அந்தக் கொட்டகை ஆபரேட்டர். இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாயும்போது கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் உண்டாகும். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளி அதிகமாகும். ஆபரேட்டர் அவற்றைக் கிட்டக் கிட்டத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரையில் கதாநாயகி மஞ்சள் காமாலை வந்தவள் போலாகிவிடுவாள். தரையிலிருந்து விசில் பறக்கும். நொடிக்கு 24 படங்கள், நிமிஷத்துக்கு 90 அடி பிலிம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அதாவது நாலு கிலோமீட்டருக்கு மேல்! பழைய பிலிம்கள் நைட்ரேட் என்ற சரக்கில் செய்தவை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதனால் ஆபரேட்டர் அறைப் பக்கம் பீடியோடு போனவனுக்கு உதை நிச்சயம். எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின்தான். ஆகவே ரீல் மாற்றுவதற்கென்று மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். முறுக்கு, கடலை, கோலி சோடா, பாட்டுப் புத்தகம் எல்லாம் அப்போது வரும்.

உள்ளே மூன்று வகுப்பு. திரைக்கு அருகே மணல் பரப்பிய தரை. அதற்குப் பின்னால் பெஞ்சு. கடைசியில் மடக்கு நாற்காலி. நடுவே இடுப்புயரத் தடுப்புக் கட்டி ஆண்களையும் பெண்களையும் பிரித்திருப்பார்கள். நாற்காலி எங்கள் குடும்பத்துக்கு. தரை, வாய்க்காலுக்கு அப்பாலிருந்த தெருவுக்கு.

அந்தத் தெருவிலிருந்து ஒரு பையன் என்னோடு படித்தான். அவன் தகப்பனார் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்தில் என்னை 'நீ' என்பான். எங்கள் தெருவுக்கு வந்தால் 'நீங்க' என்பான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது அவன் நாக்கு தானாக மாறிக்கொள்ளும். 1947-லேயே கோயில் நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தி எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து சேர வெகு காலமாயிற்று.

1954 என்று நினைக்கிறேன். மாசி மாதம். ஜெமினியின் 'நந்தனார்' எங்கள் கொட்டகைக்கு வந்தது. 1942-ல் வந்த படம். அது எங்கள் ஊரை எட்டிப் பார்க்கப் பன்னிரண்டு வருஷம். முதல் இடைவேளையில் நான் தரைப் பக்கம் நழுவினேன்.

"அங்கேருந்து பாத்தா எல்லாரும் சின்னதாத் தெரிவாங்களே, உனக்கு எப்படிப் பிடிக்குது?" என்று கேட்டான் அவன்.

உண்மைதான். மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தபோது தண்டபாணி தேசிகர் ஆகாயத்தளவு உயர்ந்து நின்றார். மணலைக் குவித்து மேடாக்கி எனக்குத் தலையணை செய்து கொடுத்தான். 'நீ' என்றுதான் பேசினான். கொட்டகையைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிட்டான் போலிருக்கிறது.

அடுத்த இடைவேளையில் விளக்குப் போட்டதும் அப்பா என்னைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. நந்தனார் கோயில் வாசலில் நின்று உருகும் கட்டம் வந்தபோது நான் பின்னால் திரும்பினேன். அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன் இல்லை.

ஆட்டம் விட்டதும் என் தோழனும் அவன் தகப்பனாரும் லாந்தர் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்கள். வீட்டு வாசலில் வந்து நின்றதும் அப்பா சாவதானமாக, "கிணத்தடிக்குப் போ. குளிச்சுட்டு உள்ளே வா" என்றார். லாந்தர் வெளிச்சத்தில் நான்கு பேருமே அதைக் கேட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவன் என்னை 'நீங்க' என்றான். அதற்குப் பிறகு மாறவே இல்லை.

அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருடைய கண்ணீர் பொய்யல்ல, தண்ணீரும் பொய்யல்ல. இரண்டும் ஒரே மனிதரிடத்தில் ஒரே இரவில் இருந்தன. குறை என்னுடையது. அடுத்த படத்துக்குப் போனபோது அப்பா எதுவும் சொல்லாமலே நான் நேராக நாற்காலிக்குப் போனேன். தரையிலிருந்து ஒரு தலை திரும்பிப் பார்த்தது. நான் பார்க்காதவன் போலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. நான் கும்பகோணத்துக்கும் பிறகு சென்னைக்கும் போய்விட்டேன்.

பல வருஷம் கழித்து, இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் எழுதியதைப் படித்தேன். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகை என்கிறார் அவர். யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை. கையிலுள்ள காசு தீர்மானித்தது. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி. எங்கள் ஊர்க் கோயில் திறக்காத கதவைச் சில அணாக்கள் திறந்தன. ஆனால் கூரையை விட்டு வெளியே வந்ததும் கிணற்றடி காத்திருந்தது. அதையும் சேர்த்துத்தான் நான் அந்தக் கொட்டகையை நினைக்க வேண்டும். மணலை மட்டும் நினைத்து உருகினால் அது அப்பாவின் மேல்துண்டு போலாகிவிடும்.

கீற்றுக் கொட்டகைகள் எப்படி மறைந்தன என்பது உங்களுக்கே தெரியும். 1975-ல் சென்னையில் டெலிவிஷன் வந்தது. 1980-களில் வீடியோ காஸெட் வந்தது. 1990-களில் கேபிள் கம்பி தெருத் தெருவாக ஓடியது. படம் வீட்டுக்கு வந்தபின், படத்தைத் தேடி மணலுக்குப் போவானேன்? பெரிய கொட்டகைகளுக்கோ அவை நின்ற மனையே எமனாயிற்று. ஆயிரம் பேர் உட்காரும் இடத்தில் நூறு பேர் உட்கார்ந்தால், டிக்கட் வசூலைவிட மண்ணின் விலை பெரிதாகத் தெரிவது இயற்கைதானே? பிலிமும் போயிற்று. கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்தே படம் ஓட ஆரம்பித்தது. முன்பெல்லாம் சில பிரதிகளே போடுவார்கள். அவை பட்டணத்தில் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்து, எங்கள் ஊருக்கு வருவதற்குள் வருஷங்கள் ஆகும். இப்போது ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் வருகிறது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவனுக்கு இது பெரிய நியாயம் என்றே படுகிறது. வெள்ளி விழா இல்லையே என்று புலம்புகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

போன மாதம் என் பேரன் என்னைப் பெரிய கடைவீதிக் கட்டிடம் ஒன்றின் மாடியிலுள்ள அரங்கத்துக்கு அழைத்துப் போனான். டிக்கட்டை டெலிபோனிலேயே வாங்கிவிட்டான். குளிர்ச்சி, சாய்ந்துகொள்ள மெத்தை நாற்காலி, துல்லியமான சப்தம். தடுப்பு இல்லை; பெண்கள் தனியாக வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் யார் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் யாரும் குளிக்கப் போவதுமில்லை. அந்த மட்டில் உலகம் முன்னேறியிருக்கிறது.

ஆனால் இடைவேளையில் ஒரு பொட்டலம் சோளப்பொரியின் விலையைக் கேட்டபோது, இந்தக் கட்டிடத்தைப் பெருக்குகிற ஆள் தன் குழந்தைகளோடு இங்கே வந்து படம் பார்ப்பாரா என்ற எண்ணம் வந்தது. கூரை இருக்கிறது; அதன் கீழே மணல்தான் இல்லை. எங்கள் கொட்டகையில் என் தோழன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். இங்கே அவன் பேரன் உள்ளேயே இல்லை என்றால், எதை முன்னேற்றம் என்று சொல்வது?

திரும்பி வரும்போது பேரனிடம் சொன்னேன், அடுத்த தடவை எனக்கு முதல் வரிசையில் வாங்கு என்று.

"அங்கே யாரும் உட்கார மாட்டாங்க தாத்தா. கழுத்து வலிக்கும்" என்றான்.

"வலிக்கட்டும். அங்கேருந்துதான் பெரிசாத் தெரியும்னு ஒருத்தன் எனக்குச் சொல்லியிருக்கான்" என்றேன்.

யார் என்று கேட்டான். வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டு வந்தேன், கிணற்றடி உள்பட.