தவளைக் காலிலிருந்து மனிதத் தொடை வரை

சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், விபத்தால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கினார். பின்னர் திருப்பதியிலும் தேவஸ்தானத்தின் ‘பர்ட்’ மருத்துவமனை எழுந்தது. செயற்கைக் கால் அங்கே செய்து தருகின்றனர். மறுவாழ்வு மருத்துவத்தில் தசைக்கு மின்னோட்டம் செலுத்தும் சிறு பெட்டியொன்று உண்டு. அதன் வரலாறு நெடிது.

1780களில் இத்தாலியரான கால்வானி, வெட்டுண்ட தவளைக் கால் மின்பொறியால் துடிக்கக் கண்டார். 1831இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் ஈர மின்முனைகளைத் தோல்மீது வைத்துத் தனித்தனித் தசைகளை இயக்கினார். அவர் நூல் 1855இல் வெளிவந்தது. அவ்வோட்டத்தின் பெயர் இன்றும் ‘ஃபாரடிக்’. மொழிபெயர்ப்பாளராகிய நாம் அதற்கு ஈடு தேடித் தோற்றோம்.

முழங்காலுக்கு மேல் கால் போனால், எஞ்சிய தசைகள் பற்றுக்கோடிழந்து மெலியும். ஓயாது உட்கார்ந்திருப்பின் இடுப்பு முன்மடங்கி இறுகும். பிறகு செயற்கைக் காலூன்றி நிமிர்ந்து நிற்றல் அரிது. புட்டத் தசையே அங்கு துணை. சுருங்க மறந்த தசைக்கு மின்னோட்டம் நினைவூட்டும். ஆனால் நோயாளியும் உடன் முயன்று சுருக்கவேண்டும். பெட்டியை மட்டும் நம்பிப் படுத்திருப்பவர் நடப்பதில்லை. இடுப்பு இறுகாதிருக்கவோ மின்சாரமே வேண்டா; மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் பாயில் குப்புறப் படுக்கவேண்டும்.