சந்தைக் காட்சி ஓவியம்

சந்தைக் காட்சி ஓவியம் என்பது கடைகளையும் சரக்கையும் வாங்குவோர் விற்போரையும் ஒரே பரப்பில் காட்டும் ஓவிய வகையாகும். கூட்டம் ஓரிடத்தில் நில்லாததால், களத்தில் திரட்டிய கோட்டோவியங்களையும் ஒளிப்படங்களையும் கொண்டு இது பெரும்பாலும் ஓவியக்கூடத்திலேயே நிறைவுபெறுகிறது. 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியில் பீட்டர் ஆர்ட்சனும் யோவாக்கிம் பூக்கலாரும் இவ்வகையை வளர்த்தனர். பிரெஞ்சு ஓவியர் கமீய் பிசாரோ 1880களில் பொந்துவாஸ் சந்தையைப் பலமுறை தீட்டினார். 1883இல் அவர் தீட்டிய பன்றியிறைச்சிக் கடைப் பெண்ணின் உருவத்துக்கு மாதிரியாக நின்றவர் அவருடைய உறவுப் பெண்ணே.

தராசைத் தூக்கும் கை, கூடையின்மேல் குனியும் முதுகு போன்ற அசைவுகளைச் சில கோடுகளில் பிடிப்பதற்குக் கோட்டோவியமே சிறந்தது. ஒளிப்படமோ கடைப் பலகை, சரக்கின் அடுக்கு முதலிய நுணுக்கங்களைக் காத்துத் தருகிறது. எனினும் ஒளிப்படத்தை அப்படியே நகலெடுப்பது ஆபத்தானது: பந்தலின் நிழல் அதில் வெறுங்கருப்பாகிவிடுவதால், நீலத் தார்ப்பாயின் ஊடே கசிந்து விற்பவர் முகத்தில் படியும் நீலச் சாயலைக் களத்திலேயே வண்ணக் குறிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும். பல படங்களிலிருந்து உருவங்களைச் சேர்க்கும்போது ஒளியின் திசையும் கண்மட்டமும், அதாவது பார்ப்பவரின் கண் உயரத்தில் அமையும் கிடைக்கோடும், ஒன்றாதல் வேண்டும். சமதரையில் நிற்கும் ஓவியரின் பார்வையில், அவரளவு உயரமுள்ளோர் எவ்வளவு தொலைவில் நின்றாலும் அவர்தம் கண்கள் அக்கோட்டின்மேலேயே விழும், அமர்ந்திருப்போர் அதற்குக் கீழே அமைவர்.