வழிபாட்டிட நுழைவு வழக்குகள் (திருநெல்வேலிச் சீமை)

கோயிலிலும் தேவாலயத்திலும் பொதுத்தெருவிலும் சாதியின் பேரால் இருந்த தடைகளை உடைக்கவும், அவற்றைக் காக்கவும் திருநெல்வேலிச் சீமையிலும் அதையொட்டிய திருவிதாங்கூர், இராமநாதபுரம் பகுதிகளிலும் 19ஆம் நூற்றாண்டு முதல் நடந்த வழக்குகள். இவற்றில் பெரும்பாலானவை நாடார் சமூகத்தைச் சுற்றி எழுந்தவை. திசையன்விளை, இடையன்குடி, வடக்கன்குளம் முதலிய பனைக்காட்டு ஊர்கள் இந்த வரலாற்றில் அடிக்கடி தலைகாட்டும்.

தொடக்கம் தென்திருவிதாங்கூரில் பெண்களின் உடை பற்றியது. நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்கு அங்கே தடை இருந்தது. ஆங்கிலேயரான மன்றோ அங்கே திவானாக இருந்த காலத்தில் கிறித்தவப் பெண்கள் மட்டும் குப்பாயம் என்னும் சட்டை அணிய அனுமதி கிடைத்தது. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளின்மேல் துணியிட்டு, அதாவது தோள்சீலை அணிந்தவர்கள் தாக்கப்பட்டபோது விவகாரம் பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போய், 1823இல் பெண்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. ஆனால் 1829ஆம் ஆண்டு அரச அறிக்கை குப்பாயத்தை மட்டும் ஒப்புக்கொண்டு தோள்சீலையை மறுத்துவிட்டது. 1859 ஜூலை 26 அறிக்கையோ எல்லா நாடார் பெண்களும் உடலை மறைத்துக்கொள்ளலாம் என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தது. ஒரே பெண்ணின் உடலில் சாதித்தடையும் பெண் என்பதற்கான தடையும் சேர்ந்து விழுந்ததை இத்தனை வெளிப்படையாகக் காட்டும் ஆவணங்கள் இந்தியாவில் குறைவு.

திசையன்விளைக்கு அருகே இடையன்குடியில் பணியாற்றிய மறைப்பணியாளர் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களை (நாடார்களுக்கு அன்று வழங்கிய பெயர்) பற்றி எழுதிய நூல், பின்வந்த வாதங்களின் போக்கை மாற்றியது. அவர்களை வந்தேறிகளாகவும் தாழ்ந்த நிலையினராகவும் காட்டிய அந்நூலுக்கு எழுந்த எதிர்ப்பு பல பத்தாண்டுகள் ஓயவில்லை. மறுப்பு நூல்களும் விண்ணப்பங்களும் குவிந்தன. நாங்கள் பாண்டியர் வழியினர், க்ஷத்திரியர் என்ற வாதம் இந்த மறுப்புகளில்தான் உருத்திரண்டது. பிறகு அதுவே நீதிமன்ற வாதமாகவும் ஆனது.

1895இல் கழுகுமலையில் தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகும் உரிமை குறித்த தகராறு கலவரத்தில் முடிந்தது.

கமுதி வழக்கே இவற்றுள் மிக விரிவாகப் பதிவானது. 1897 மே 14 அன்று இருளப்ப நாடார் தலைமையில் 15 பேர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலர் இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி. நாடார்களுக்கு நுழைவுரிமை இல்லை என்று அறிவிக்கும்படியும், தீட்டுக்கழிப்புக்கு 2,500 ரூபாய் கேட்டும் அவர் வழக்குத் தொடுத்தார். தொழில், வழக்காறு, ஆகமம் மூன்றையும் வைத்து மதுரையில் சாட்சியங்கள் நீண்டன. தீர்ப்புக்கு முன்பே, 1899 ஜூன் 6இல், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த சிவகாசியை நாடார்களுக்கு எதிரான பெருங்கூட்டம் தாக்கியது. இறந்தோர், எரிந்த வீடுகள் பற்றிய கணக்குகள் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதே பெரும்பாலோர் கூறுவது. அடுத்த மாதம் 20ஆம் தேதி வந்த தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக அமைந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மேல்முறையீட்டுக் காலத்தில் சேதுபதி நாடார்களோடு சமரசத்துக்கு முன்வந்தார். விவேகானந்தருக்குத் துணைநின்ற அவருடைய சமய நோக்கே இதற்குக் காரணம் என்பர் சிலர். சமஸ்தானத்தின் பணநெருக்கடி என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். கோயில் வழக்காற்றை அறங்காவலர் தன் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பதால் சமரசம் நிற்கவில்லை. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இறுதியாக நாடார்களின் முறையீட்டைத் தள்ளியது.

இங்கே கவனிக்க வேண்டியது வாதத்தின் அமைப்பு. தடையே தவறு என்று நாடார் தரப்பு சொல்லவில்லை. அந்தத் தடை எங்களுக்குப் பொருந்தாது என்றது. வென்றிருந்தாலும் பள்ளருக்கும் பறையருக்கும் கதவு மூடியேதான் இருந்திருக்கும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இதை ஒத்த ஒரு வாதம் தோற்றது. வெள்ளையர் ரயில் பெட்டியில் அமர்ந்ததற்காகக் கைதான ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கறிஞர்கள், இனப்பிரிவினைச் சட்டமே செல்லாது என்று வாதிட்டதோடு, எட்டில் ஏழு பங்கு வெள்ளை இரத்தம் உடையவர் அவர் என்பதையும் முன்வைத்தனர். 1896இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. பிரிவினையையே நேராகத் தாக்கிய வழக்கு அங்கே வெல்வதற்கு 1954 வரை ஆயிற்று.

தடையை நேராக எதிர்கொண்டு வென்ற வழக்கு இந்தச் சீமையில் வடக்கன்குளத்தில் நடந்தது. தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற பழைய கத்தோலிக்கத் தலம் அது. அங்கே 1872இல் கட்டிய தேவாலயத்துக்குப் பீடம் ஒன்று, கூடம் இரண்டு. வெள்ளாளப் பிள்ளைகளும் முதலியார்களும் ஒரு கூடத்தில், நாடார்களும் மற்றவர்களும் இன்னொன்றில், நடுவே சுவர். மேலிருந்து பார்த்தால் இரண்டு கால் விரித்ததுபோல் இருந்ததால் மக்கள் இட்ட பெயர் கால்சட்டைக் கோயில். தெய்வத்தின் முன்னே ஒரே நேரத்தில் மண்டியிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி இத்தனை கணக்காகக் கட்டிய அந்தக் கட்டடத்தை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் காலத்தில் சுவர் அகற்றப்பட்டது. பிள்ளை, முதலியார் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், தேவாலயம் தங்களுக்கே உரியது என்று அறிவிக்க வேண்டும் என்பவை அவர்கள் கோரிக்கைகள். மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த் என்று 1917ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. விலகியிருக்கும் உரிமை என்று கேட்பதன் வேர் தீட்டு அன்றி வேறில்லை. தீட்டைக் கிறித்தவம் அறியாது. ஆகவே நீதிமன்றம் அதைக் காக்காது என்பது தீர்ப்பின் சாரம். கமுதியில் வழக்காற்றுக்குத் தலைவணங்கிய அதே உயர் நீதிமன்றம் இங்கே வழக்காற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தது. ஆனால் தீர்ப்பு கிறித்தவத்தை அடிப்படையாகக் கொண்டதால், இந்துக் கோயில் வழக்குகளுக்கு அது உதவவில்லை. வடக்கன்குளம் வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூல் தமிழில் விரிவாகத் தருகிறது.

பிறகு களம் சட்டமன்றத்துக்கு மாறியது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிக்கை வந்தது. 1939 ஜூலை 8இல் மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் சென்றனர். அதையடுத்து இராஜாஜி அரசு இயற்றிய சட்டம், கதவைத் திறந்த அறங்காவலர்களையும் ஊழியர்களையும் வழக்குகளிலிருந்து காத்தது. கமுதியில் சேதுபதியின் சமரசத்தைக் கவிழ்த்த ஆயுதம் இப்படிப் பிடுங்கப்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் நுழைவை உரிமையாக்கியது. மூல்கி வெங்கடரமணர் கோயிலார் அதை எதிர்த்த வழக்கில், பொதுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறக்கும் அதிகாரம் சமயப்பிரிவின் உரிமைக்கு மேலானது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சில தனிச்சடங்குகளின்போது மட்டும் அப்பிரிவினருக்கு விலக்கு தந்தது.

நுழைவுக்குப் பின் கேள்வி அர்ச்சகர் பதவிக்கும் பெண்களின் வழிபாட்டுக்கும் நகர்ந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தை 1972இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகராக்கும் நியமனங்கள் 2021இல் நடந்தன. சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களுக்கும் வழிபாட்டு உரிமை தந்த 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, அதிலிருந்து எழுந்த கேள்விகள் 2019 நவம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன.