சிவில் உடையும் எண்பிக்கும் சுமையும்: தண்டனைச் சட்டக்கோவை 92ஆம் பிரிவின் முதலாம் விளக்கம் பற்றி

பொலிஸ் உத்தியோகத்தரைத் தாக்கியதாக 344ஆம் பிரிவின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், தன்னோடு கைகலந்தவர் பொலிஸ்காரர் என்பது தனக்குத் தெரியாது என்கிறார். தெரியும் அல்லது தெரியாது என்பதை எண்பிக்க வேண்டியவர் யார்? எதிரியே என்பது நமது சட்ட எழுத்தில் நிலைபெற்றுவிட்ட விடை. 92ஆம் பிரிவின் கட்டமைப்பை ஊன்றிப் பார்த்தால் அந்த விடை நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது ஏட்டளவான கேள்வியல்ல. 2011 ஓகஸ்ட் 22 இரவு, உடலில் கிறீஸ் பூசி இரவில் நடமாடுவதாகச் சொல்லப்பட்ட ‘கிறீஸ் பூதம்’ எனும் மர்ம மனிதர் பற்றிய அச்சம் பரவியிருந்த வேளையில், நாவாந்துறை மக்கள் அடையாளம் தெரியாத ஆட்களைத் துரத்தினர். அதைத் தொடர்ந்த மோதலையடுத்துப் படையினரும் பொலிஸாரும் வீடுகளுக்குள் புகுந்து பெருந்தொகையான ஆண்களைக் கைதுசெய்தனர். 2023 ஜூன் 2ஆம் திகதி வடமராட்சி கிழக்கு மருதங்கேணியில் நாடாளுமன்ற உறுப்பினர் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் மக்களைச் சந்தித்தபோது, சிவில் உடையில் வந்தவர்களுடன் முரண்பாடு ஏற்பட்டது. அவர்கள் தம்மை அடையாளப்படுத்த மறுத்தனர் என்பது அவர் தரப்பு. கடமைக்கு இடையூறு விளைவிக்கப்பட்டது என்பது பொலிஸ் தரப்பு. ஜூன் 7ஆம் திகதி கொழும்பில் கைதான அவர், கிளிநொச்சி நீதவான் நீதிமன்றில் ஆஜர்செய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். எந்தத் தரப்பின் கூற்று மெய் என்று இங்கே தீர்ப்புரைக்க முனையவில்லை. வந்தவர் யார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி இரு இடங்களிலும் எழுகிறது என்பது மட்டும் போதும்.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு தற்காப்பு உரிமைக்கு எல்லை வகுக்கிறது. பகிரங்க சேவையாளர் ஒருவர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செய்யும் செயல், மரணம் அல்லது கடுங்காயம் பற்றிய நியாயமான அச்சத்தை ஏற்படுத்தாவிட்டால், சட்டப்படி முற்றிலும் சரியாக இல்லாதபோதும் அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை இல்லை. இதன் முதலாம் விளக்கம் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது: செயலைச் செய்பவர் பகிரங்க சேவையாளர் என்று அறிந்திருந்தாலோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தாலோ அன்றி, ஒருவர் தன் தற்காப்பு உரிமையை இழப்பதில்லை.

முந்தைய ஆய்வு மரபு இந்த விளக்கத்தைத் தற்காப்பு என்ற பொது விதிவிலக்கின் ஓர் உறுப்பாகக் கொள்கிறது. அதன்பின் வழி எளிது: விதிவிலக்கைக் கோருபவரே அதனை எண்பிக்க வேண்டும் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, ஐயத்தைக் கிளப்பினால் மட்டும் போதாது, நிகழ்தகவுச் சமநிலையில் எண்பிக்க வேண்டும் என்கிறது 1942ஆம் ஆண்டின் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்குத் தீர்ப்பு. ஆகவே அறியாமையையும் எதிரியே எண்பிக்க வேண்டும் என்று முடிகிறது அந்த வாதம்.

சந்திரசேகர தீர்ப்பை இங்கே நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது ஆளுவது எவ்வளவு தூரம்? சட்டக்கோவையில் மூன்று படிகள் உள்ளன. 89, 90ஆம் பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. 92ஆம் பிரிவு சில நிலைமைகளில் அதைப் பறிக்கிறது. முதலாம் விளக்கம் அந்தப் பறிப்புக்கே நிபந்தனை விதிக்கிறது. முதற்படியின் சுமை எதிரியுடையது: தன் உடலுக்கு எதிரான ஒரு குற்றத்தைத் தடுத்ததாக அவர் எண்பிக்க வேண்டும். அதை அவர் செய்தபின், ‘அந்த உரிமை உனக்கு இல்லை’ என்று எழுந்து சொல்பவர் வழக்குத் தொடுநர். உரிமை பறிபோனதால் பயன்பெறுபவரும் அவரே. ஒரு நிகழ்வு உண்டென்று சாற்றுபவரே அதனை எண்பிக்க வேண்டும் என்பது அதே கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. எனவே எதிரி அறிந்திருந்தார் என்பதையோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தது என்பதையோ வழக்குத் தொடுநரே நிலைநாட்ட வேண்டும். இதற்கு நேர்விடையான மேல்நீதிமன்றத் தீர்ப்பு எதிலும் நான் சாய்ந்து நிற்கவில்லை. சட்டவாசகத்தின் ஒழுங்கே என் ஆதாரம். அது போதுமானது என்றே கருதுகிறேன்.

இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. அறிவு எதிரியின் மனத்துக்குள் இருப்பது, ஆகவே ஒருவர் மட்டுமே சிறப்பாக அறிந்தவற்றுக்குரிய 106ஆம் பிரிவின்படி சுமை அவருக்கே என்பது ஒன்று. ஆனால் வந்தவர் என்ன உடை அணிந்திருந்தார், அடையாள அட்டையைக் காட்டினாரா, எந்த மொழியில் என்ன சொன்னார் என்பவற்றை நன்கு அறிந்தவர் முறைப்பாட்டாளரான உத்தியோகத்தர்தான். தமிழ் மட்டுமே தெரிந்த கரையோரக் கிராமத்தவர் ஒருவரிடம், சாதாரண சேர்ட்டும் காற்சட்டையும் அணிந்தவர் சிங்களத்தில் அதட்டியது ‘நம்பக் காரணம்’ ஆகுமா என்பதும் அந்த உத்தியோகத்தரின் சாட்சியத்தில் இருந்துதான் தெரியவரும். மற்றையது, 1865ஆம் ஆண்டின் போர்ப்ஸ், வெப் ஆகியோருக்கு எதிரான ஆங்கிலத் தீர்ப்பு. கடமையிலுள்ள பொலிஸ்காரரைத் தாக்கும் குற்றத்துக்கு, தாக்கப்பட்டவர் பொலிஸ்காரர் என்ற அறிவு தேவையில்லை என்றது அது. ஆனால் நமது சட்டக்கோவை அதன்பின் எழுதப்பட்டது. அறிவைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. எனவே ஆங்கிலச் சட்டத்திடம் இரவல் இங்கே வேண்டியதில்லை.

இந்த வாசிப்பு பொலிஸாரின் கையைக் கட்டிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. சீருடையில் வந்தவரைத் தாக்கியவருக்கு இதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. சிவில் உடையில் வந்தவரிடம் சட்டம் கேட்பதும் பெரிதல்ல: தான் யார் என்று புரியும்படி சொல்லுதல். கைதுசெய்பவர் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று கொறயா வழக்கில் உயர் நீதிமன்றம் 1954இலேயே வலியுறுத்தியது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவும் அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரையும் அதையே விதிக்கின்றன. காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர் தான் யாரென்று சொல்லக் கடமைப்படவில்லை என்பது ஏற்கத்தக்கதல்ல.

நடைமுறையில் இதன் விளைவு தெளிவானது. இத்தகைய வழக்குகளில் முறைப்பாட்டாளரும் சாட்சிகளும் பெரும்பாலும் ஒரே நிலையத்தவர்கள். காயம் பற்றிய வைத்திய அறிக்கை தாக்குதலைக் காட்டலாம். தாக்கியவர் என்ன அறிந்திருந்தார் என்பதைக் காட்டாது. ஆகவே உடை, அடையாளம், சொன்ன வார்த்தை, சொன்ன மொழி ஆகிய நான்கு பற்றியும் வழக்குத் தொடுநர் சான்று முன்வைக்காதவிடத்து, தற்காப்பை எண்பித்த எதிரியை 92ஆம் பிரிவைக் காட்டிக் குற்றவாளியாகக் காணும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை. நள்ளிரவில் யாரென்று தெரியாதவரைத் தள்ளிவிட்ட மனிதரிடம், அவர் அறியாததை அறியவில்லை என்று நிரூபிக்கச் சொல்வது சட்டமும் அல்ல, நீதியும் அல்ல.