பின்சுவரில் சன்னல் இல்லாத வீடுகள்: லண்டன் மியூஸ் தெருக்களின் உருமாற்றம்

மேற்கு லண்டனில் பெரிய மாளிகை வரிசைகளின் பின்புறம் 'மியூஸ்' எனப்படும் குறுந்தெருக்கள் ஓடுகின்றன. குதிரை லாயங்களாகக் கட்டப்பட்ட இவை இன்று விலையுயர்ந்த குடியிருப்புகள். இருபதாம் நூற்றாண்டில்தான் லாயம் வீடாயிற்று என்று பொதுவாக எழுதுகிறார்கள். கட்டட அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அது பாதி உண்மையே. மேல்தளம் தொடக்கத்திலிருந்தே வீடுதான், வண்டியோட்டியின் வீடு.

'மியூஸ்' என்ற பெயர் குதிரையிலிருந்து வந்ததன்று. அரசரின் வேட்டை வல்லூறுகளை இறகு உதிர்க்கும் பருவத்தில் அடைத்துவைத்த இடத்தின் பெயர் அது. இன்று டிரஃபால்கர் சதுக்கம் உள்ள பகுதியில் அந்த இடம் இருந்தது. 1534இல் புளூம்ஸ்பரியின் அரச லாயம் எரிந்தபின் குதிரைகள் அங்கே குடியேறின. பெயர் மாறவில்லை, பிறகு நகரின் லாயத் தெருக்களுக்கெல்லாம் அதுவே பெயராயிற்று.

1820களில் கிராவ்னர் குடும்ப நிலத்தில் தாமஸ் கியூபிட் பெல்கிரேவியாவைக் கட்டத் தொடங்கியபோது இந்த அமைப்பு முதிர்ந்திருந்தது. முன்தெருவில் மாளிகை, பின்னால் தோட்டம், அதன் கோடியில் மியூஸ். கீழ்த்தளத்தில் சாரட்டு நுழைய அகன்ற இரட்டைக் கதவு, குதிரைகளுக்குத் தடுப்புகள், தீவனத் தொட்டிகள். மேலே வைக்கோல் பரண், அதை ஒட்டிய சிற்றறைகளில் வண்டியோட்டியின் குடும்பம். தெருவில் பாவிய கற்கள் நடுவாய்க்காலை நோக்கிச் சரிந்து, லாயம் கழுவிய நீரை வடித்தன.

இவற்றில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது பின்சுவர். பல மியூஸ்களில் அந்தச் சுவரில் ஒரு சன்னல்கூடக் கிடையாது. தோட்டத்தில் உலவும் எசமான் குடும்பம் வேலையாட்களின் கண்ணில் படக்கூடாது என்பதே காரணம். ஆக, வெளிச்சமும் காற்றும் தெருப்பக்கம் மட்டுமே. அந்தக் காற்றிலும் இலத்தி நாற்றம். கீழே நிற்கும் குதிரைகளின் வெக்கை பலகைத் தளத்தின் வழியே மேலேறும். சார்லஸ் பூத்தின் லண்டன் வறுமை வரைபடங்களில் செல்வர் தெருக்கள் மஞ்சளாக இருக்க, அவற்றின் முதுகில் ஒட்டிய மியூஸ்கள் பல இடங்களில் தாழ்ந்த வருவாயைக் குறிக்கும் நிறங்களில் இருக்கின்றன.

1860களில் எழுந்த ஹாலண்ட் பார்க் மியூஸில் மேல்வீட்டுக்கு வெளிப்புறப் படிக்கட்டு உண்டு. லாயத்துக்குள் கால் வைக்காமலே வீடு சேரலாம். அது தனிக் குடியிருப்பு என்று கட்டியவர்களே எண்ணினார்கள் என்பதற்கு இது போதுமான சான்று.

லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் நிறுவனம் 1911இல் தன் கடைசிக் குதிரைப் பேருந்தை நிறுத்தியது. செல்வர் வீடுகளிலும் மோட்டார் வந்துவிட்டிருந்தது. சாரட்டுக்கு வைத்த கதவு காருக்கும் போதும் என்பதால் லாயம் எளிதாகக் கார் கொட்டகையாயிற்று; மேலே ஓட்டுநர் குடியிருந்தார். முதல் உலகப் போருக்குப் பின் வேலையாட்களை வைத்துப் பெரிய மாளிகை நடத்துவது கடினமாயிற்று. மாளிகைகள் பல அடுக்கு வீடுகளாகப் பிரிக்கப்பட, மியூஸ் தனியே கைமாறியது. கைக்கடக்கமான வீடு தேடிய கலைஞர்களும் எழுத்தாளர்களும் அங்கே வந்தார்கள். அகதா கிறிஸ்டி கிரெஸ்வெல் பிளேஸில் ஒரு மியூஸ் வீட்டை வாங்கித் திருத்தி அமைத்துக்கொண்டார்.

குதிரை நின்ற இடம் கூடமானது. அகன்ற கதவுகள் சன்னல்களாயின. குருட்டுப் பின்சுவருக்கு ஈடாகக் கூரையைத் திறந்து கண்ணாடி பதித்தார்கள். வண்டிகள் கடந்துபோகாத முட்டுத்தெருவின் அமைதி, முன்பு வேலையாட்களை ஒதுக்கிவைக்க உதவிய அதே ஒதுக்கம், விலையை ஏற்றியது.

1967இன் குடிமை வசதிகள் சட்டம் பாதுகாப்புப் பகுதிகளை ஏற்படுத்தியதால் பல மியூஸ்களின் முகப்பு தப்பியது. வைக்கோல் தூக்கிய உத்தரங்களும் கல்பாவிய தரையும் இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பாதுகாப்பு முகப்போடு நின்றுவிடுகிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் தனியாகச் சேராத கட்டடத்தின் உள்ளே இடிப்பதை அது தடுப்பதில்லை. முதலில் போவது மேல்தளத்துச் சிற்றறைகள். ஒரு குடும்பம் எவ்வளவு இடத்தில் சமைத்துப் படுத்துப் பிள்ளை வளர்த்தது என்பதை அந்த அறைகளின் நீள அகலத்தைத் தவிர வேறெதுவும் இவ்வளவு சரியாகச் சொல்லாது. இடிப்பதற்கு முன் அவற்றையாவது அளந்து வரைந்துவைக்க வேண்டும்.

ஹைடு பார்க்கை ஒட்டிய பாதர்ஸ்ட் மியூஸில் இன்னும் குதிரைகள் கட்டப்படுகின்றன. அண்டை வீடுகளின் வாசலைக் கடந்துதான் அவை பூங்காவுக்குப் போகின்றன.