வாவிக்கரையும் காய்ச்சலின் வரலாறும்

நாட்டு வரலாறு என்றதும் மன்னரும் போரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஊர்களை வெறுமையாக்கிய நோய்களின் வரலாற்றை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழ்ந்தோர்க்கு நெல்லும் மீனும் எவ்வாறு பழகிய பொருள்களோ, அவ்வாறே குளிரும் நடுக்கமுமாய் வரும் முறைக்காய்ச்சலும் பழகியதொன்றாயிருந்தது. சிறப்பாக, வயலும் காடும் அடுத்த படுவான்கரையில் மாரிமழை ஓய்ந்ததும் காய்ச்சல் தலைகாட்டும். அந்நோய் எவ்வாறு அகன்றது, அகன்றபின் நாம் காத்தற்குரியது யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேரியா என்னும் பெயருக்குத் ‘தீய காற்று’ என்பது பொருள். நோய்க்குக் காற்றே காரணமென உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1897 ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் என்னும் வைத்தியர் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். எனினும், அறிவு பிறந்தமையால் மட்டும் நோய் ஒழிந்துவிடவில்லை. 1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்க்க, இலங்கையின் ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் நீர் குட்டை குட்டையாய்த் தேங்கிற்று. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. அதனால் எழுந்த கொள்ளைநோய் 1935 ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே பெரிதும் நலிந்தன. கிழக்குப் போன்ற உலர்வலயப் பகுதிகள் அவ்வளவு நலியவில்லை. ஆண்டுதோறும் நோய்ப்பட்டு வந்தமையால் அங்குள்ளோர் உடல்கள் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தமையே அதன் காரணம். அந்த ஆற்றலுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை குழந்தைகளின் நலமும் உயிருமே என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர், 1946 ஆம் ஆண்டில், நாடெங்கும் டி.டி.ரி. மருந்து வீடுகளில் தெளிக்கப்படலாயிற்று. இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் அமர்ந்து இளைப்பாறும். மருந்து பட்ட சுவர் அதற்கு எமனாகும். இம்முறை பயன்தர வேண்டுமாயின், வீட்டார் கதவைத் திறந்து தெளிப்போரை உள்ளே விடுதல் வேண்டும். தெளித்த மண்சுவரை உடனே மெழுகி மருந்தை மறைத்துவிடாதிருத்தலும் வேண்டும். ஆகவே, வீட்டாரின் இசைவும் பழக்கமும் மருந்துக்கு உறுதுணையாயின. 1946 இல் 27 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த நோயாளர் தொகை 1963 இல் 17 ஆகக் குறைந்தது.

வெற்றி பெற்ற அவ்வேளையிலேதான் சோர்வும் புகுந்தது. 1964 இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் விழிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை மீண்டும் 5 இலட்சத்தைத் தாண்டியது. டி.டி.ரி.க்கு நுளம்பும் நாளடைவில் பணியாதாயிற்று. இழந்ததை மீட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. போர் நிகழ்ந்த காலத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் தெளிப்பும் வலை வழங்கலும் இடர்களுக்கிடையே தொடர்ந்தன. உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபருக்குப் பின் காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆயின், நுளம்பு நம்மை விட்டு அகலவில்லை. 2017 ஆம் ஆண்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. வீட்டைச் சூழ்ந்த சிறு கலங்களில் வளர்வது. அது நன்னீரிலேயே வளரும் என்று பலர் எண்ணியிருந்தனர். 2011 இல் வெளியான ஆய்வொன்று அவ்வெண்ணத்தை மாற்றியது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புக் கலந்த நீரிலும் அதன் குடம்பிகள் காணப்பட்டன. கைவிடப்பட்ட தோணிகள், பயன்படாத கிணறுகள், வீசியெறிந்த போத்தல்கள் என்பனவே அவற்றின் உறைவிடங்கள். உவர்நீர் நமக்குக் காவல் என்று வாவிக்கரையார் இனி அமைந்திருத்தல் இயலாது.

முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏழெட்டு நாள்களே போதும். முட்டைகளோ கலத்தின் உட்புறத்தில் ஒட்டி, நீர் வற்றியபின்னும் பல மாதம் உயிர்த்திருக்க வல்லன. ஆதலின், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு அமையாது, கலத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். கரையேற்றிய தோணியைக் கவிழ்த்து வைத்தலும் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் முற்றம் கூட்டுதல் அச்சத்தின் விளைவு. அவர் வாராத வாரத்திலும் கூட்டுதல் பழக்கத்தின் விளைவு. நோயைத் தடுப்பது பின்னதே.

மாணவர் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பாடம் யாதெனில், 1963 இன் அந்தப் 17 என்னும் எண் முடிவன்று, எச்சரிக்கையே என்பதாம். அன்று காவல் தெளிப்போர் கையிலிருந்தது. இன்று அது பெரிதும் நம் முற்றத்தில் இருக்கின்றது. நோயற்ற காலத்திலும் அக்காவலைத் தளரவிடாது பேணுதல் கற்றோர் கடனாகும்.