ஹியூரான்

வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஒரு கூட்டமைப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர். காட்டுப்பன்றியின் சிலிர்த்த தலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 'பட்டிக்காட்டான், முரடன்' என்ற இழிபொருளும் அதற்கு உண்டு. அம்மக்கள் தங்களை அழைத்துக்கொண்டதோ 'வெண்டாட்' என்று. 'தீவில் வாழ்வோர்', 'தீபகற்பத்தார்' என அதற்குப் பொருள் கூறுவர்.

இன்றைய கனடாவின் ஒண்டாரியோவில், ஜார்ஜியன் விரிகுடாவை ஒட்டி நீண்ட வீடுகள் கட்டி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்த உழவர்கள் அவர்கள். 1630களில் பெரியம்மை உள்ளிட்ட கொள்ளைநோய்களும், 1649இல் இரோக்குவாய் படையெடுப்பும் அவர்களைச் சிதறடித்தன.

பெயர் மட்டும் நிலமெங்கும் பரவியது: ஐம்பெரும் ஏரிகளுள் ஒன்றான ஹியூரான் ஏரி; மிச்சிகன் மாநிலத்தின் ஹியூரான் ஆறு; தெற்கு டகோட்டாவில் ஒரு நகரம்; அமெரிக்க மாணவர் இயக்கத்தின் 1962ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பெயர் தந்த போர்ட் ஹியூரான்.

இம்மக்களின் வழித்தோன்றல்கள் கியூபெக் நகரை அடுத்த வெண்டாக்கேயிலும், அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலும் இன்றும் வாழ்கின்றனர். ஏரியையும் ஊர்களையும் ஹியூரான் என்றே வழங்கலாம். மக்களைச் சுட்டும்போது வெண்டாட் என்பதே மதிப்பான சொல்.